வாட்ச் 50 மீட்டர் தாங்கும்... ஸ்ட்ராப் தாங்குமா?

ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றாமல் பெய்துவிட்டால், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் காட்டில் கிணறுகளுக்கு உயிர் வந்துவிடும். கோடையில் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் ஆழத்தில் கிடந்த தண்ணீர், தை மாதம் கைக்கு எட்டுகிற மாதிரி மேலே நிற்கும். குமாரலிங்கபுரம் போன்ற ஊர்களில் பையன்களுக்கு நீச்சல் குளம் என்றால் அந்தக் கிணறுதான்.

இப்போது அந்தக் கிணற்றுக்கு வருகிறவர்கள் கையில் புதிதாக ஒன்று இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் வாட்ச். போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் விடியற்காலையில் ஓடுகிறார்கள். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தால்தான் அடுத்த கட்டம். ஒவ்வொரு நொடியும் கணக்கு என்பதால், எத்தனை நிமிடம், எத்தனை கிலோமீட்டர், நெஞ்சு எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்று பார்க்க ஒரு வாட்ச் வேண்டியிருக்கிறது. மாதத் தவணையிலோ, அக்கா சீட்டு எடுத்துக் கொடுத்த பணத்திலோ வாங்கியதாக இருக்கும். ஓடி முடித்து, வியர்வையோடு நேராகக் கிணற்றுக்கு. மேலே இருந்து ஒரு குதி. வெளியே வந்து பார்த்தால் மணிக்கட்டு வெறுமையாக இருக்கும்.

"மாப்ள, வாட்ச்ச காணோம்டா!"

"அம்பது மீட்டர் வாட்டர் ப்ரூஃப்னு சொன்ன?"

சொன்னது உண்மைதான். கிணற்றின் அடியில் சேற்றில் கிடந்தபடி அந்த வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டுகூட இருக்கலாம். தண்ணீர் உள்ளே போகவில்லை. வாட்ச்தான் கையில் இல்லை. ஏன் என்றால், அந்த 50 மீட்டர் என்பது வாட்ச்சின் உடலுக்குக் கொடுத்த வாக்கு. அதைக் கையோடு கட்டி வைத்திருக்கும் ஸ்ட்ராப்புக்கு அதில் பங்கு இல்லை.

50 மீட்டர் என்றால் என்ன?

வாட்ச்சின் முதுகில் '5 ஏடிஎம்' அல்லது '50 மீ' என்று பொறித்திருப்பார்கள். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தைக் கொடுத்துச் சோதித்தபோது உள்ளே தண்ணீர் கசியவில்லை என்பதே இதன் பொருள். சாதாரணக் கைக்கடிகாரங்களுக்கு ஐஎஸ்ஓ 22810 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. கடலுக்குள் மூழ்குபவர்கள் கட்டும் கடிகாரங்களுக்கு அதைவிடக் கடுமையான ஐஎஸ்ஓ 6425 இருக்கிறது.

இரண்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. மூழ்குபவர்களுக்கான 6425 தரநிலை, ஸ்ட்ராப் பிணைந்திருக்கும் இடத்தையும் இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. ஒவ்வொரு பிணைப்பும் 200 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். அதாவது, சுமார் 20 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டது போல. நாம் கடையில் வாங்கும் பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் வாட்ச்கள் இந்தத் தரநிலையில் வருவதில்லை. பெட்டியில் '5 ஏடிஎம்' என்று மட்டும் இருந்தால், அதை வைத்து ஸ்ட்ராப்பின் பலத்தைச் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். ஆழம் ஸ்ட்ராப்பை ஒன்றும் செய்யாது. ஸ்ட்ராப்புக்குள் காலி அறை எதுவும் இல்லை. தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்துகிறது. ஸ்ட்ராப்பைக் கெடுப்பவை வேறு: இழுவை, உப்பு, மண், வெயில். நம் கிணறுகளில் நான்கும் தாராளம்.

எல்லாம் ஒரு குட்டிப் பின்னில்

ஸ்ட்ராப்பும் வாட்ச்சும் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். வாட்ச்சின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கம்பி போகும். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் இதை ஸ்பிரிங் பின், ஸ்பிரிங் பார் என்பார்கள். பார்ப்பதற்குக் கம்பி, உண்மையில் அது ஒரு குழாய். உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு சுருள் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் முனையை வெளியே தள்ளுகிறது. முனை போய் வாட்ச்சின் கொம்பில் உள்ள சின்னத் துளைக்குள் உட்கார்ந்துகொள்கிறது. மொத்த வாட்ச்சையும் பிடித்துக்கொண்டிருப்பது, துளைக்குள் நுழைந்திருக்கும் அந்த ஒரு மில்லிமீட்டர் சமாசாரம்தான்.

முன்பெல்லாம் ஸ்ட்ராப் மாற்ற வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டும். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, கவைபோல் பிளந்த ஒரு சின்னக் கருவியால் பின்னை நெம்புவார். அந்த வேலையை மிச்சப்படுத்த வந்ததுதான் குயிக் ரிலீஸ். குழாயில் ஒரு நீளப் பிளவு வெட்டி, உள்ளே இருக்கும் முனையோடு ஒரு குமிழைச் சேர்த்து வெளியே நீட்டியிருப்பார்கள். நகத்தால் அதை இழுத்தால் முனை உள்ளே போகும், ஸ்ட்ராப் கையோடு வந்துவிடும். காலையில் ஓட சிலிக்கான், மாலையில் கல்யாணத்துக்குத் தோல் என்று பத்து நொடியில் மாற்றலாம்.

வசதிக்கு ஒரு விலை உண்டு. பழைய பின்னில் குழாய் பெரும்பாலும் மூடியிருக்கும். குயிக் ரிலீஸில் அந்தப் பிளவு திறந்த வாசல். வியர்வை, கிணற்றுத் தண்ணீர், கரிசல் தூசி எல்லாம் அந்த வழியாக நேரே ஸ்பிரிங்குக்குப் போகும். ஸ்ட்ராப்பின் அடியில் மறைந்திருப்பதால் நம் கண்ணுக்கும் படாது.

குமிழும் ஒரு பலவீனம். அது எப்போதும் மணிக்கட்டுப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஸ்ட்ராப்பைத் திருப்பி மாட்டினாலோ, துண்டின் நூல் சிக்கி இழுத்தாலோ, அது தன் வேலையைத் தவறான நேரத்தில் செய்துவிடும்.

எல்லா குயிக் ரிலீஸும் ஒன்றல்ல

கடையில் 'குயிக் ரிலீஸ்' என்று ஒரே பெயரில் விற்றாலும், உள்ளே வேறு வேறு.

முதலாவது, மேலே சொன்ன குமிழ் வைத்த ஸ்பிரிங் பின். 18, 20, 22 மில்லிமீட்டர் அகலங்களில், எந்தக் கம்பெனி வாட்ச்சுக்கும் பொருந்துகிற மாதிரி வருகிறது. விலை குறைந்த ஸ்மார்ட் வாட்ச்களில் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, கொக்கி வகை. கார்மின் நிறுவனம் குயிக்ஃபிட் என்ற பெயரில் தரும் ஸ்ட்ராப்கள் இப்படி. இதில் கம்பி வாட்ச்சிலேயே நிலையாக இருக்கும். ஸ்ட்ராப்பின் முனையில் உள்ள கொக்கி அதைக் கவ்விப் பிடிக்கும். கம்பி தடிமனாக இருக்கலாம் என்பதால் பிடிப்பும் நன்றாக இருக்கும். ஆனால் கொக்கிக்குள் மண் புகுந்தால் முழுதாக மூடாது. மூடியது போலத் தெரியும், மூடியிருக்காது.

மூன்றாவது, ஆப்பிள் வாட்ச்சில் இருப்பது போல, வாட்ச் உடலில் உள்ள பள்ளத்துக்குள் ஸ்ட்ராப்பை வழுக்கித் தள்ளுவது. 'டிக்' என்று உட்கார்ந்தால் சரி. அசலுக்கு அளவெடுத்த பள்ளம் என்பதால், அளவு கொஞ்சம் தப்பிய மலிவு ஸ்ட்ராப் போட்டால் ஆட்டம் காணும்.

மூன்றிலும் ஸ்ட்ராப் நழுவ முக்கியமான காரணம் ஒன்றே: முழுதாக உட்காராமல் பாதியில் நிற்பது. அடிக்கடி மாற்றுபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டுவதும், தவறாக மாட்ட இன்னொரு வாய்ப்பு.

குதிக்கும்போது என்ன நடக்கிறது?

சும்மா நீந்தும்போது வாட்ச் மேல் பெரிய விசை எதுவும் விழுவதில்லை. குதிப்பதுதான் சோதனை. 10 அடி உயரத்தில் இருந்து குதித்தால் தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். 20 அடி என்றால் மணிக்கு சுமார் 39 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தண்ணீர் மெத்தை அல்ல, சுவர்.

ஒரு தோராயக் கணக்குப் போடலாம். வட்ட வாட்ச்சின் முகம் 46 மில்லிமீட்டர் அகலம் என்று வையுங்கள். 10 அடியில் இருந்து குதித்து, தண்ணீர் அந்த முகத்தின் முழுப் பரப்பையும் தள்ளினால், விசை ஏறக்குறைய 5 கிலோ எடைக்குச் சமம். 20 அடியில் அது 10 கிலோ. உயரம் இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும். வாட்ச் பக்கவாட்டில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனால் இதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். கை எப்படி வைத்திருந்தோம் என்பதைப் பொறுத்தது.

துளையில் முழுதாக உட்கார்ந்த புதுப் பின்னுக்கு இது பெரிய பாரமல்ல. அதனால்தான் வாங்கின புதிதில் எவ்வளவு குதித்தாலும் ஒன்றும் ஆவதில்லை. "ஆறு மாசமா குதிக்கிறேன், ஒண்ணும் ஆகலையே" என்று தைரியம் வருவதும் அப்போதுதான். அந்த ஆறு மாதத்தில் உள்ளே ஸ்பிரிங் துருவேறிச் சோர்ந்து, முனை முழுதாக வெளியே வராமல், துளையின் விளிம்பில் மட்டும் தொற்றிக்கொண்டிருக்கலாம். அதற்கு 10 கிலோ தேவையில்லை. பக்கவாட்டில் ஒரு தட்டு போதும். கிணற்றுப் படியில் கை உரசி மேலே ஏறும்போதுகூடக் கழன்றுவிடும்.

எவர்சில்வரும் துருப்பிடிக்கும்

"எவர்சில்வர் பின்தானே, துருப்பிடிக்காதே?" என்று கேட்கலாம். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அதில் உள்ள குரோமியம் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய படலம் போட்டுக்கொள்வது. கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் இருந்தால் படலம் மறுபடி வளரும். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். பின்னின் குழாய் போன்ற இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கிவிட்டால், அங்கே புது ஆக்சிஜனும் போய்ச் சேராது. படலம் உடையும், திரும்ப வளராது. வெளியே பளபளப்பாகவும் உள்ளே அரித்தும் இருப்பது இதனால்தான்.

எவர்சில்வரிலும் தரம் உண்டு. வீட்டுப் பாத்திரங்களில் காணும் 304 ரகத்தில் குரோமியமும் நிக்கலும் இருக்கும். 316 ரகத்தில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்திருப்பார்கள். குளோரைடை எதிர்த்து நிற்க இந்த மாலிப்டினம் உதவுகிறது. நல்ல ஸ்ட்ராப்களில் '316எல்' என்று எழுதியிருப்பது இதைத்தான். விலை மலிவான ஸ்ட்ராப்களில் பக்கிள் 316 ஆக இருந்தாலும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் என்ன ரகம் என்று யாரும் எழுதுவதில்லை.

இனி நம் ஊர்த் தண்ணீருக்கு வருவோம். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 1000 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500. கடல் நீரில் அது சுமார் 19,000. நம் பக்கத்துக் கிணறுகளில் இனிப்புத் தண்ணீரும் உண்டு, வாயில் வைக்க முடியாத சவரும் உண்டு. சோப்பு நுரைக்காத கிணறு, பருப்பு வேகாத தண்ணீர் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வது கடினநீரை. அது குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. பின்னின் பிளவிலும் அதே வெள்ளைப் படிவு சேர்ந்தால், குமிழ் பாதி வழியில் சிக்கி நிற்கும்.

கிணறு இனிப்பாக இருந்தாலும் தப்பிக்க முடியாது. ஒரு லிட்டர் வியர்வையில் ஆளைப் பொறுத்து சுமார் 1 முதல் 4 கிராம் வரை உப்பு இருக்கும். பல கிணறுகளைவிட நம் வியர்வைதான் அதிக உப்பு. ஓட்டம் முடிந்து வெயிலில் காயும்போது தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். பனியனில் வெள்ளைக் கோடு விழுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கோடு பின்னுக்குள்ளும் விழுகிறது. தினமும் அதன் மேல் இன்னொரு கோடு.

எந்த ஸ்ட்ராப் தண்ணீருக்கு நல்லது?

சிலிக்கான்: மிருதுவானது, தண்ணீரையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும், கழுவுவதும் எளிது. ஆனால் ஒரு சின்ன வெட்டு விழுந்துவிட்டால் அங்கிருந்து கிழிந்துகொண்டே போகும். பின் நுழையும் ஓட்டையைச் சுற்றித்தான் முதலில் கிழியும்.

ஃப்ளூரோ ரப்பர்: கொஞ்சம் கனமாக, வழுவழுப்பாக இருக்கும். எண்ணெய், வியர்வை, வெப்பம் எதற்கும் அசையாது. விலை கூடுதல்.

டிபியூ: மலிவு வாட்ச்களோடு அதிகம் வருவது. புதிதில் உறுதியாக இருக்கும். இதில் சில வகைகள் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் மஞ்சளாகி, பிசுபிசுத்து, உடையும் தன்மைக்கு வந்துவிடும்.

நைலான்: நூல் நூலாக நெய்தது, எளிதில் அறாது. தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் தளரும், காய நேரமாகும், கழுவாவிட்டால் நாற்றம் வரும். ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ வகை என்றால், அதன் முட்களில் பஞ்சும் மண்ணும் சேரச் சேரப் பிடிப்பு குறையும்.

தோல்: கிணற்றுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

காந்தப் பூட்டு: ஓடுவதற்குச் சரி. குதிப்பதற்கு நம்ப வேண்டாம். தண்ணீர் இழுக்கும்போது காந்தம் வழுக்கிக்கொண்டு நகரும்.

அகலத்திலும் ஏமாறக் கூடாது. 22 மில்லிமீட்டர் வாட்ச்சுக்கு 20 மில்லிமீட்டர் ஸ்ட்ராப்பை மாட்டிவிட்டு, "கொஞ்சம் ஆடுது, பரவாயில்லை" என்று விட்டுவிடுகிறோம். ஒவ்வொரு பக்கமும் 1 மில்லிமீட்டர் இடைவெளி. முனை துளைக்குள் நுழைந்திருக்கும் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

கழுத்தில் தொங்கிய கடிகாரம்

தண்ணீரில் கடிகாரம் பற்றிப் பேசினால் 1927-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பிரிட்டிஷ் பெண் மெர்சிடஸ் கிளைட்ஸ். அந்த ஆண்டு அக்டோபர் 7-ம் தேதி அவர் கடந்ததை, இன்னொருவரின் பொய்யான உரிமைகோரலால் பலர் சந்தேகித்தார்கள். அதற்குப் பதிலாக அக்டோபர் 21-ம் தேதி மறுபடி கடலில் இறங்கினார். குளிர் தாங்காமல் 10 மணி நேரத்துக்கு மேல் நீந்திய பின் அவரைப் படகில் ஏற்றினார்கள். அப்போது ரோலக்ஸ் நிறுவனத்தின் ஆய்ஸ்டர் கடிகாரம் ஒன்றை அவர் கொண்டு போயிருந்தார். அது நிற்காமல் ஓடியது. நீர் புகாத கடிகாரத்துக்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்த நீச்சல் அது.

கவனிக்க வேண்டியது இதைத்தான்: அந்தக் கடிகாரம் கையில் இல்லை, கழுத்தில் கட்டியிருந்தது. அன்றைக்குச் சோதித்தது உடலை மட்டும். ஸ்ட்ராப்பை அல்ல.

ஸ்ட்ராப்பின் பிரச்சினையை நேராக எதிர்கொண்டது ராணுவம். பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 1973-ல் ஒரு நைலான் ஸ்ட்ராப்புக்கு விவரக்குறிப்பு எழுதினார்கள். சாம்பல் நிறம், 20 மில்லிமீட்டர் அகலம். இரண்டு துண்டு இல்லை, ஒரே நீள நாடா. ஒரு பக்கப் பின்னுக்கு அடியில் நுழைந்து, வாட்ச்சின் முதுகுக்குக் கீழே ஓடி, மறுபக்கப் பின் வழியாக வெளியே வரும். ஒரு பின் கழன்றாலும் இன்னொன்றில் வாட்ச் தொங்கிக்கொண்டிருக்கும். 'நேட்டோ ஸ்ட்ராப்' என்று இப்போது எங்கும் விற்பது அதன் வாரிசுகளைத்தான்.

நம் ஸ்மார்ட் வாட்ச்சுக்கும் அதைப் போடலாம். ஒரே ஒரு குறை: நாடா வாட்ச்சின் முதுகை மூடிவிடும். இதயத் துடிப்பைப் பார்க்கும் பச்சை விளக்கு அங்கேதான் இருக்கிறது. ஆகவே துடிப்புக் கணக்கு வராது. நேரமும் தூரமும் வரும். கிணற்றில் குதிக்கும் நேரத்தில் துடிப்புக் கணக்கு தேவையா என்று நீங்களே முடிவு செய்யலாம். இன்னும் எளிய வழி, துணி ரிஸ்ட் பேண்ட் ஒன்றை வாட்ச்சுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொள்வது. பின் கழன்றாலும் வாட்ச் அதற்குள் சிக்கி நிற்கும்.

ஒரு டம்ளர் நல்ல தண்ணீர்

வாட்ச்சோடு வரும் குறிப்புப் புத்தகங்களில், நீந்திய பின் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லியிருப்பார்கள். எழுதியவர்கள் ஊரில் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் கொட்டும். நம் பக்கம் நல்ல தண்ணீர் என்பது முறை வைத்து வருவது, அல்லது குடம் இத்தனை ரூபாய் என்று வாங்குவது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவச் சொன்னால் வீட்டில் திட்டு விழும்.

தேவையும் இல்லை. ஒரு டம்ளர் போதும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

வீட்டுக்கு வந்ததும் ஸ்ட்ராப் இரண்டையும் கழற்றுங்கள். குயிக் ரிலீஸின் நல்ல பயன் இதுதான். கழுவுவதற்குக் கழற்றுவது சுலபம். ஒரு கிண்ணத்தில் அரை டம்ளர் குடிதண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராப்பைப் பின்னோடு மூழ்கவிட்டு, குமிழைப் பத்துத் தடவை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். உள்ளே இருக்கும் உப்பும் மண்ணும் கரைந்து வரும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பிளவைத் தேய்த்து, மீதித் தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். உதறிவிட்டு நிழலில் காயவையுங்கள். வாட்ச் கொம்பில் உள்ள துளைகளையும் அதே ஈர பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். இரவு முழுக்கக் காய்ந்தால் போதும்.

அந்தத் தண்ணீரையும் வீணாக்க வேண்டாம். வாசலில் நிற்கும் மல்லிகைச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. ஸ்பிரிங் சிக்குகிறதென்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் கரிசல் தூசி ஒட்டிக்கொண்டு பசை மாதிரி ஆகிவிடும். காய வேண்டுமே என்று மொட்டைமாடி வெயிலிலோ, அடுப்புப் பக்கத்திலோ வைக்காதீர்கள். ஆர்ஓ இயந்திரத்தில் இருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரில் கழுவாதீர்கள். உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.

இரண்டு நிமிடச் சோதனை

மாதம் ஒரு முறை, கட்டில் மேல் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்து பாருங்கள்.

ஒன்று: குமிழை உள்ளே இழுத்து விடுங்கள். 'டப்'பென்று திரும்பி வர வேண்டும். மெதுவாக நகர்ந்தாலோ, பாதியில் நின்றாலோ பின்னை மாற்றுங்கள்.

இரண்டு: மாட்டிய பிறகு, ஒரு கையில் வாட்ச், மறு கையில் ஸ்ட்ராப் பிடித்து நன்றாக இழுங்கள். பிறகு பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கழன்றால் கட்டிலில் விழும், கிணற்றில் அல்ல.

மூன்று: பின் நுழையும் இடத்தில் ஸ்ட்ராப்பை வளைத்துப் பாருங்கள். மயிரிழை போல ஒரு வெடிப்பு தெரிந்தாலும் அதன் காலம் முடிந்தது.

நான்கு: வாட்ச் கொம்புத் துளையைப் பாருங்கள். பிளாஸ்டிக் உடல் வாட்ச்களில் துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிடும். அப்படியென்றால் புதுப் பின் போட்டும் பயன் இல்லை. அந்த வாட்ச்சை ஓடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து: ஸ்ட்ராப் மாட்டியதும் குமிழ் மணிக்கட்டுப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடிக்கடி தண்ணீரில் இறங்குபவர் என்றால், கெட்டுப் போகும்வரை காத்திருக்காமல் வருடத்துக்கு ஒரு முறை பின்களை மாற்றிவிடுவது நல்லது. வாட்ச்சின் விலையோடு பார்த்தால் பின்னின் விலை ஒன்றுமே இல்லை. தொலைந்து போன வாட்ச்சுக்கு உத்தரவாதத்தில் புதிது கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். உத்தரவாதம் பழுதுக்குத்தான்; தொலைந்ததற்கு அல்ல.

விழுந்துவிட்டால்?

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் விழலாம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால், அது இதுவாக இருக்கட்டும்: வாட்ச்சைத் தேடி மூழ்காதீர்கள்.

நம் கிணறுகளின் அடியில் என்ன இருக்கிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. முழங்கால் புதையும் சேறு, மோட்டார் குழாய், அறுந்த கயிறு, கருவேல முள், இடிந்து விழுந்த கல். சில ஆள் ஆழத்துக்குக் கீழே வெளிச்சமும் இருக்காது. "இந்தா, ஒரே முங்கு" என்று இரண்டாவது, மூன்றாவது தடவை மூச்சைப் பிடிக்கும்போது உடம்பு முன்னறிவிப்பே இல்லாமல் மயங்கிவிடலாம். வீட்டில் சொன்னால் திட்டுவார்கள் என்ற பயத்தில் தனியாக இறங்குவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து.

மேலே நின்றே எடுக்க நம்மிடம் ஒரு பழைய சாமான் இருக்கிறது: பாதாளக் கரண்டி. அறுந்து விழுந்த வாளியை எடுக்கக் கொத்துக் கொத்தாகக் கொக்கி வைத்துக் கயிற்றில் இறக்குவார்களே, அதேதான். ஊரில் யாராவது ஒரு பாட்டி வீட்டுப் பரணில் இன்னும் இருக்கும். ஒரு பின் கழன்று, பக்கிள் பூட்டியபடியே விழுந்த வாட்ச் என்றால், அந்த ஸ்ட்ராப் கொக்கியில் மாட்ட வாய்ப்பு உண்டு. மாட்டாவிட்டால், கோடையில் தண்ணீர் வற்றும்வரை பொறுக்கலாம். கரிசல் காட்டுக் கிணறு என்றைக்கும் நிறைந்தே இருப்பதில்லை. என்ன, அதற்குள் வாட்ச் பிழைத்திருக்குமா என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றிலும் சுலபமான வழியைக் கடைசியில் சொல்கிறோம். குதிப்பதற்கு முன்னால் வாட்ச்சைக் கழற்றி, சட்டையில் சுற்றி, கிணற்று மேட்டில் கல்லுக்கு அடியில் வையுங்கள். 1500 மீட்டர் ஓடி முடித்தாகிவிட்டது, நேரமும் பதிவாகிவிட்டது. கிணற்றில் குதிப்பதற்கு யாரும் நேரம் குறிப்பதில்லை.